ஓடிபிக்காக மலையிறங்கும் ஊர்

தேர்தல் வந்தால் கோட்டூர் மலைக்குக் கழுதைகள் ஏறும். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் இருக்கிற மலைக்கிராமம் அது. வண்டி ஏறும் பாதை இல்லாததால், 2021 சட்டமன்றத் தேர்தலிலும் மின்னணு வாக்குப்பதிவு எந்திரங்களைக் கழுதை முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். அலுவலர்களும் போலீஸ்காரர்களும் பின்னால் நடந்தார்கள். நாளிதழில் அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

பார்த்தவர்கள் பெரும்பாலும் கழுதையைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்த எந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது பேட்டரியில் ஓடுகிறது. கரண்ட் வேண்டாம், டவர் வேண்டாம், எந்த நெட்வொர்க்கோடும் அதற்குத் தொடர்பு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டு வரலாம். 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாக அதைப் பயன்படுத்தினார்கள். வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிராதபடி சாவடி அமைய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் பொதுவான நெறி. எந்திரம் ஆளைத் தேடிப் போகிறது.

வாக்குப்பதிவு முடிந்து எந்திரம் இறங்கிவிட்டால், அப்புறம் மக்கள்தான் இறங்க வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு, ஆதாரில் போன் நம்பர் மாற்றுவதற்கு, பிரதமரின் விவசாயி உதவித்தொகை ஏன் நின்றுபோனது என்று கேட்பதற்கு, பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் போடுவதற்கு. எல்லாம் இப்போது இணையத்தில் நடக்கிறது. ஆனால் இணையம் மலைக்கு ஏறவில்லை. ஏறிய இடங்களிலும் ஒரு குறிப்பிட்ட பாறைமேல் நின்றால்தான் இரண்டு கோடு காட்டும்.

டிஜிட்டல் இடைவெளி என்றவுடன் டவர் எண்ணிக்கையும் வேகமும்தான் கணக்குக்கு வருகின்றன. வளர்ந்த நாடுகளுக்கும் நமக்கும் நடுவில் உள்ள பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே இணையம் வந்தபோது ரோடு, பள்ளி, தபால் நிலையம், வங்கிக் கிளை, நூலகம் எல்லாம் ஏற்கெனவே ஊருக்குள் இருந்தன. அவற்றின் மேல் இன்னொரு வசதியாக இணையம் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் பல ஊர்களுக்கு அவை வந்து சேர்வதற்கு முன்பே, அவற்றுக்குப் பதிலாக இணையம் வருகிறது.

இடைவெளியின் கதை இணையத்துக்கு முந்தியது. 1985 ஜனவரியில் சர் டொனால்ட் மெய்ட்லாண்ட் தலைமையிலான உலகக் குழு ஒன்று தொலைபேசி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அமைத்த குழு அது. உலகில் அப்போது இருந்த சுமார் 60 கோடி தொலைபேசிகளில் முக்கால் பங்கு 9 பணக்கார நாடுகளில் இருந்தன. டோக்கியோ என்ற ஒரே நகரத்தில் இருந்த தொலைபேசிகள் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருந்ததைவிட அதிகம். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் உலகத்தில் எல்லோருக்கும் எட்டுகிற தூரத்தில் ஒரு தொலைபேசி இருக்க வேண்டும் என்று அந்தக் குழு இலக்கு வைத்தது. 'எட்டுகிற தூரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டுக்கு வீடு போன் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஊருக்கு ஒன்று இருந்தாலும் போதும், நடந்து போய்ப் பேசிவிடலாம்.

நம் நாட்டில் அதைச் செய்து காட்டியது, காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் கடையான எஸ்டிடி பூத். 1984இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் தொடங்கப்பட்டு, இந்தியாவின் வெயிலுக்கும் தூசுக்கும் தாங்குகிற சிறிய தொலைபேசி நிலையங்களை உருவாக்கினார்கள். அப்புறம் மஞ்சள் பலகைகள் பெருகின. தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அப்படிப்பட்ட பூத்துகளில் ராத்திரி 10 மணிக்கு மேல் கட்டணம் குறையும் என்று வரிசையில் நின்ற நினைவு எனக்கு இருக்கிறது. பூத்தில் உட்கார்ந்திருப்பவர் நம்பரைப் போட்டுக் கொடுப்பார். எண் தெரியாதவர்களுக்கும் அங்கே வேலை நடந்தது. எந்திரத்துக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்தார் என்பதை ஒரு பக்கம் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

'டிஜிட்டல் இடைவெளி' என்ற பேச்சு அமெரிக்காவில் சூடுபிடித்தது 1990களின் பிற்பகுதியில். அந்த நாட்டு வணிகத் துறை 1995 முதல் சில அறிக்கைகளை வெளியிட்டது. யார் வீட்டில் தொலைபேசி இருக்கிறது, யார் வீட்டில் கணினி இருக்கிறது, ஏழைகள், கறுப்பினத்தார், கிராமத்தார் எங்கே பின்தங்குகிறார்கள் என்று அவை கணக்கெடுத்தன. அதாவது, அந்தப் பேச்சு முதலில் ஒரு பணக்கார நாட்டுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வைப் பற்றியது. நாடுகளுக்கு இடையிலான கேள்வியாக அதை ஐ.நா. எடுத்துக்கொண்டு 2003இல் ஜெனீவாவிலும் 2005இல் துனிஸிலும் உலக உச்சி மாநாடு நடத்தியது.

இன்று எங்கே நிற்கிறோம்? அதே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி உலகில் சுமார் 550 கோடிப் பேர் இணையத்தில் இருக்கிறார்கள். 260 கோடிப் பேர் இல்லை. பணக்கார நாடுகளில் 100க்கு 93 பேர், மிக ஏழை நாடுகளில் 100க்கு 27 பேர். நகரத்தில் 83, கிராமத்தில் 48. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடந்த 3 மாதத்தில் ஒருமுறை, யாருடைய கருவியிலாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தால் அவர் 'பயன்படுத்துபவர்' கணக்கில் வந்துவிடுவார். பேரன் போனில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்த ஆயாவும், ஓசூரில் லேப்டாப் வைத்து வேலை பார்க்கிற பொறியாளரும் அந்தக் கணக்கில் ஒரே ஆள்தான். ஆகவே 93க்கும் 27க்கும் நடுவில் தெரிகிற பள்ளத்தைவிட உண்மையான பள்ளம் ஆழமானது.

சரி, மலைக்கு ஏன் சிக்னல் வருவதில்லை? இதில் மர்மம் ஒன்றும் இல்லை. செல்போன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. மலை மறைத்தால் நின்றுவிடும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், ஆனால் அவற்றில் கொண்டுபோகும் சரக்கு குறைவு. 1800, 2300 போன்றவை நிறையத் தகவலைச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். ஆகவே சமவெளியில் ஒரு டவர் செய்கிற வேலைக்கு மலையில் நாலைந்து வேண்டும். ஒவ்வொரு டவருக்கும் பின்னால் கண்ணாடி இழைக் கேபிளோ நுண்ணலை இணைப்போ வேண்டும், கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் பேட்டரியோ டீசலோ வேண்டும். அங்கே இருக்கிற வீடுகள் நாற்பதோ ஐம்பதோ. கம்பெனிக் கணக்கில் அது கட்டுப்படியாகாது. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் நிறைய நிலம் காப்புக்காடு. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு காட்டுயிர்ச் சரணாலயங்கள் அங்கே இருக்கின்றன. குழி தோண்டவும் கம்பம் நடவும் வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாடுகிற காட்டில் அந்தக் கட்டுப்பாடு தேவையானதுதான். அதனால் வேலை இன்னும் தள்ளிப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கட்டுப்படியாகாத ஊர்களுக்கு என்றே ஒரு நிதி இருக்கிறது. தொலைத்தொடர்பு கம்பெனிகளின் வருவாயில் ஒரு பங்கை வசூலித்து 2002 முதல் சேர்த்துவருகிற நிதி அது. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். 2022 ஜூலையில் நாடு முழுவதும் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு டவர் அமைக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. கேபிள் பக்கத்தில், ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் 2011இல் ஒப்புதல் ஆகி, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒகேனக்கல் தண்ணீர் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பல் மஞ்சளாகி, மூட்டு வளைந்துபோனவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் காவிரித் தண்ணீர் குழாயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்ணீர் பெரிய தொட்டிக்கு வந்து, அங்கிருந்து ஊர்த் தொட்டிக்கு ஏறி, அப்புறம் தெருக்குழாய்க்கு வர வேண்டும். ஊர்த் தொட்டிவரை தண்ணீர் வந்தாலும், மேட்டுத் தெருவுக்கு அழுத்தம் எட்டாவிட்டால் அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு இறங்கித்தான் ஆக வேண்டும். கேபிளும் அப்படித்தான். ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்துவிட்டது என்று பட்டியலில் பதிவாகும். அங்கிருந்து கடைசி வீட்டுக்கு எப்படிப் போகும் என்பது தனிக் கதை. ஏழைநாடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு 2009இல்தான் முதல் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் வந்து சேர்ந்தது. அதுவரை செயற்கைக்கோளை நம்பி, மிக அதிக விலை கொடுத்தார்கள். கேபிள் கரைக்கு வந்தவுடன் உள்நாட்டுக் கிராமத்துக்கு வந்துவிடவில்லை.

இத்தனை சொன்னாலும், டவரையும் கேபிளையும் நான் பெரிய கவலையாக நினைக்கவில்லை. அவை தாமதமானாலும் வந்துவிடும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை விழுந்ததால், பாலக்கோட்டில் தக்காளிக் கூடை சுமக்கிறவர் கையிலும் டச் போன் வந்ததைப் பார்த்தோம். 2024 ஜூலையில் ரீசார்ஜ் விலை ஏறியபோது, வீட்டில் இரண்டு சிம் இருந்தால் ஒன்றைப் போடாமல் விட்டதையும் பார்த்தோம். இவையெல்லாம் ஏறும், இறங்கும்.

கவலை கவுன்டரைப் பற்றியது. இணையம் வந்த வேகத்தில் எந்தக் கதவுகள் மூடப்பட்டன என்பதைப் பற்றியது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். பென்னாகரத்துக்கு மேலே, வானம் பார்த்த நிலம். ராகியும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். மகனும் மருமகளும் பெங்களூருவில் கட்டட வேலை. இங்கே இது சாதாரணம். மழை பொய்த்த வருஷங்களில் பாதி ஊர் பெங்களூருவிலோ திருப்பூரிலோ இருக்கும், பிள்ளைகள் ஆயாவிடம் இருப்பார்கள். வீட்டில் ஆயாவிடம் ஒரு பட்டன் போன். ஆதார் எடுத்தபோது ஆயாவுக்குப் போன் இல்லை, அதனால் மகன் நம்பரைக் கொடுத்தார்கள். இப்போது ஆயாவின் எந்த வேலைக்கும் ஓடிபி பெங்களூருக்குப் போகிறது. ஆயா பஸ் பிடித்து இ-சேவை மையத்துக்கு வந்து வரிசையில் உட்கார்ந்து, முறை வந்தவுடன் மையத்துப் பெண் மகனைக் கூப்பிடுவார். மகன் எட்டாவது மாடிச் சாரத்தில் நிற்பார். மேஸ்திரி வேலை நேரத்தில் போனை எடுக்க விடுவதில்லை. அவர் பார்ப்பதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துவிடும்.

"ஆயா, உங்க பையன் எடுக்கலைங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் போட்டுப் பார்க்கலாமா?"

"மத்தியானம் பஸ் போயிடுமே கண்ணு."

அந்த உரையாடலை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இருவர்மேலும் தவறு இல்லை. ஆயா அன்று அப்படியே திரும்பிப் போனார், மறுவாரம் வந்தார். இரண்டு நாள் கூலி, இரண்டு முறை பஸ் செலவு, சாப்பாடு, மையத்துக் கட்டணம். நம்பரை மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கு வழக்கமான வழி ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் வைப்பது. களை வெட்டி, கல் பொறுக்கித் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை. ரேஷன் கடையிலும் இதே பாடு. "ரேகை விழலை" என்பது எங்கள் பக்கத்தில் தினசரி கேட்கிற வாக்கியமாகிவிட்டது. அப்புறம் கருவிழி வைத்துப் பார்க்கும் கருவி வந்தது. வயதானவர்களுக்குப் பதிலாள் அனுப்பவும் வழி இருக்கிறது. அந்த வழிக்கும் ஒரு படிவம் உண்டு, ஒரு நடை உண்டு.

தகவல் தொழில்நுட்பத்தால் சிரமம் குறைந்துவிட்டது என்று சொல்லும்போது, யாருக்குக் குறைந்தது என்று கேட்க வேண்டும். நான் என் வீட்டிலிருந்தே பட்டா, சிட்டா எடுத்துக்கொள்கிறேன். கரண்ட் பில் கட்டுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்பு இதற்கெல்லாம் அரைநாள் போகும். எனக்கு மிச்சமான அந்த அரைநாள் நிஜமானது. ஆனால் இதற்கு முன்பு ஆயா கிராம நிர்வாக அலுவலரிடம் போய் வாயால் சொல்லி ஒரு வேலையை முடித்துக்கொண்ட வழி அடைபட்டுவிட்டது. இணைப்பு இல்லாதவருக்கு நிலைமை பழையபடியே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது முன்னைவிட மோசமாகியிருக்கிறது.

நூறு நாள் வேலையில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவை ஒரு செயலியில்தான் போட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடத்தின் அடையாளத்தோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். போலி வருகையைத் தடுப்பது நல்ல நோக்கம்தான். சிக்னல் இல்லாத இடத்தில் படம் எடுத்துவைத்து, பிறகு சிக்னல் வந்ததும் ஏற்றலாம் என்ற வசதியும் உண்டு. ஆனால் அதற்கு நல்ல டச் போன் வேண்டும், சார்ஜ் வேண்டும், செயலி ஒத்துழைக்க வேண்டும். பணித்தளப் பொறுப்பாளர் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த ஒரு பெண்தான். படம் ஏறவில்லை என்றால் வெயிலில் ஏரி தூர்வாரியவர்களின் அன்றைய கூலிக்கு ஆபத்து. மண் வெட்டியதற்குச் சாட்சியாக வெட்டிய குழியே கண்முன்னால் இருக்கும்.

இப்போது வளர்ந்த நாடுகள் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். எஸ்டோனியா எல்லோரும் உதாரணம் காட்டுகிற டிஜிட்டல் நாடு. 1996இல் 'புலிப் பாய்ச்சல்' என்று பெயர் வைத்துப் பள்ளிகளுக்கெல்லாம் கணினியும் இணையமும் கொண்டுபோனார்கள். 2005 முதல் இணையத்திலேயே வாக்களிக்கலாம். ஆனாலும் வாக்குச்சாவடியில் தாளில் வாக்களிக்கிற வழியை அவர்கள் மூடவில்லை. டென்மார்க்கில் 2014 நவம்பர் முதல் அரசாங்கக் கடிதம் எல்லாம் டிஜிட்டல் பெட்டிக்குத்தான் வரும் என்று சட்டம். முடியாதவர்கள் விலக்குக் கேட்டுக் காகிதத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். தென்கொரியா 2000 வாக்கில் வீட்டுப் பெண்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் இணையப் பயிற்சி நடத்தியது. பின்லாந்து 2010 ஜூலையில் 1 மெகாபிட் வேகத்து இணைப்பைக் குடிமக்களின் சட்டப்படியான உரிமையாக்கியது. நான்கு நாடுகளும் எழுத்தறிவை முன்பே முடித்துவிட்டவை. கற்றுக்கொடுக்கிறோம், இணைப்புத் தருகிறோம், முடியாதவருக்குப் பழைய வழி திறந்திருக்கும் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுக்க அவற்றால் முடிந்தது.

எங்கள் தருமபுரியில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 68.5 சதவீதம். தமிழ்நாட்டின் சராசரி 80. மாவட்டங்களில் கடைசி இடம் எங்களுடையது. அதாவது படிக்கத் தெரியாத மூன்றில் ஒருவரிடம்தான் ஆறு இலக்க எண்ணைக் குறுஞ்செய்தியில் பார்த்துச் சொல்லச் சொல்கிறோம்.

பணக்கார நாடு என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஏழை வீடுகளின் இணையக் கட்டணத்துக்கு மானியம் கொடுத்த திட்டம் பணம் தீர்ந்து 2024 ஜூனில் நின்றுபோனது. அதை நம்பியிருந்தவை 2 கோடியே 30 லட்சம் வீடுகள். ஏழைக்கு இணைப்பு நிலைப்பது அங்கேயும் யாரோ தொடர்ந்து பணம் போடுவதால்தான்.

இந்தியாவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது கொரோனா தடுப்பூசிக் காலத்தில். 2021 மே 1 முதல் 18 முதல் 44 வயதுக்காரர்கள் ஊசிக்கு முன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். நகரத்து இளைஞர்கள் போனில் தட்டி நொடியில் இடம் பிடித்தார்கள், சிலர் பக்கத்துக் கிராமத்து மையத்தில்கூட. அரசு மையங்களில் நேரில் வந்து பதியும் வழி அந்த மாதக் கடைசிக்குள் திறக்கப்பட்டது. டிஜிட்டல் இடைவெளி இருக்கிற நாட்டில் இணையத்தை மட்டும் நம்பி எப்படி ஊசி போடுவீர்கள் என்று நீதிமன்றமும் மத்திய அரசைக் கேட்டது.

அதே காலத்தில் பள்ளிகளும் மூடிக் கிடந்தன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை படித்த பிள்ளைகள் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போனவர்கள், 2021 நவம்பரில்தான் வகுப்புக்குத் திரும்பினார்கள். 2019லேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்த நாட்களில் பெரிய ஆறுதல். அதற்கு டேட்டா வேண்டாம். ஆனால் கேள்வி கேட்டால் டிவி பதில் சொல்லாது. நாடு முழுவதற்கும் எடுத்த 2017-18 மாதிரிக் கணக்கெடுப்பில் கிராமத்து வீடுகளில் இணைய வசதி இருந்தவை 100க்கு 15க்கும் குறைவு, கணினி இருந்தவை 5க்கும் குறைவு. வீட்டில் ஒரு டச் போன் இருந்தால் அது அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். ராத்திரி திரும்பி வந்தால் அண்ணன் கைக்குப் போகும். தங்கைக்கு மிஞ்சுவது சார்ஜ் தீர்ந்த போன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 33 சதவீதம் பேரே எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள், ஆண்களில் 57 சதவீதம். பிள்ளைத் திருமணங்கள் இன்னும் ஓயாத மாவட்டங்கள் எங்களுடையவை. படிப்பிலிருந்து ஒன்றரை வருஷம் விலகிய பெண்பிள்ளைக்கு அந்த ஒன்றரை வருஷத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று இங்கே இருக்கிற ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இத்தனைக்கும் தொழில்நுட்பம் எங்கள் மாவட்டங்களுக்குத் தூரத்துச் சொந்தம் அல்ல. ஓசூர் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகங்கள் தயாராகின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும் பகுதி இளம்பெண்கள், வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. போச்சம்பள்ளிப் பக்கத்தில் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை. அந்தச் சம்பளம் பல வீடுகளைத் தூக்கிவிட்டிருக்கிறது, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தப் போனை வடிவமைப்பதும், அதில் ஓடுகிற மென்பொருளை எழுதுவதும், அதிலிருந்து வருகிற லாபத்தின் பெரும்பங்கும் வேறு கண்டத்தில். ஓசூரிலிருந்து அஞ்செட்டி மலைக்குப் பஸ்ஸில் சில மணி நேரம்தான். ஒரே மாவட்டத்துக்குள் உலகத்தின் இரண்டு முனையும் இருக்கின்றன.

ஏழை நாடுகள் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லாவிட்டால் கதை ஒரு பக்கமாகிவிடும். கென்யாவில் 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற பணப் பரிமாற்றம் வந்தது. பட்டன் போன், ஒரு குறுஞ்செய்தி, தெருமுனைக் கடையில் ஒரு முகவர், இவ்வளவுதான். வங்கிக் கிளையே பார்க்காதவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். மக்கள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி அமைத்தார்கள். எங்கள் எஸ்டிடி பூத்தைப் போலவே அந்த முகவரும் எந்திரத்துக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கிற மனிதர்தான். நம் நாட்டிலும் பட்டன் போனில் யுபிஐ பணம் அனுப்பும் வழி 2022 மார்ச்சில் வந்தது. எங்கள் சந்தையில் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

இன்னும் பக்கத்தில் வருவோம். புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில், 1990களின் கடைசியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையம் அமைத்தது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போடுகிற அலை உயர முன்கணிப்பை இறக்கி, தமிழில் மாற்றி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவர் ஒருவருக்கும் கணினி தெரிய வேண்டியதில்லை. காது கேட்டால் போதும். கேரளக் கரையில் 1997க்குப் பிறகு செல்போன் வந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் எழுதினார். கடலிலிருந்தே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பியதால், விற்காமல் கொட்டுகிற மத்தி நின்றுபோனது, மீனவர் லாபம் 8 சதவீதம் ஏறியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது.

எங்கள் தக்காளிக்காரர்களுக்கு இது அனுபவம். 2004 முதல் வேளாண் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையம் நடத்தியபோது சொட்டு நீரும் உரமும் மட்டும் வரவில்லை. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஒருவரோடொருவர் பேசி விற்கப் பழகினார்கள். இன்று ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிக்குக் கிளம்பும் முன் போனில் விலை கேட்காத ஆள் அபூர்வம். அதில் கவனித்த ஒன்று: அவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்தி, "அண்ணா, இன்னிக்கு கூடை என்ன போகுதுங்க?" என்று பேசி அனுப்புகிறார்கள். பதிலும் குரலில்தான் வருகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் அது தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கும். உலகத்து இணையதளங்களில் பாதிக்கு அருகில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழின் பங்கு மிகச் சிறியது. அதைச் சுற்றிக்கொண்டு போகிற வழியை இந்த விவசாயிகள் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் எந்த அரசாங்கச் செயலியாவது அந்தக் குரலைக் கேட்கிறதா? தட்டச்சு செய்யச் சொல்கிறது, கேப்ட்சா எழுத்தைப் படிக்கச் சொல்கிறது, அதுவும் ஆங்கிலத்தில்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஓடிபி வராவிட்டால் அந்த இடத்திலேயே வேறு வழியில் ஆளை அடையாளம் காண வேண்டும், அதற்கு மறுநாள் வரச்சொல்லக் கூடாது. சிக்னல் இல்லாத நாளில் நோட்டில் எழுதிக்கொள்ளும் அதிகாரம் ரேஷன் கடைக்காரருக்கும் பணித்தளப் பொறுப்பாளருக்கும் இருக்க வேண்டும். இ-சேவை மையம் வாரத்தில் ஒரு நாளாவது மலைக்கு ஏற வேண்டும்.

இது முடியாத காரியம் இல்லை என்பதற்கு இந்த மாவட்டங்களே சாட்சி. வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாம்கள் 2023 ஜூலையில் தொடங்கியது தருமபுரி மாவட்டம் தொப்பூரில். அங்கே பெண்கள் காகிதப் படிவத்தோடு வந்தார்கள். போனில் ஏற்றும் வேலையைத் தன்னார்வலர்கள் பார்த்தார்கள். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தபோது, 70 வயது தாண்டியவர்களின் வீட்டு வாசலுக்குத் தராசும் விரல் ரேகைக் கருவியும் ரேஷன் அரிசியோடு வண்டியில் போகத் தொடங்கின.

அந்த வண்டி கோட்டூர் போன்ற மலைகளின் அடிவாரம் வரைதான் போக முடியும். அதற்கு மேல் யாராவது சுமந்துகொண்டு நடக்க வேண்டும். ஆதாரில் போன் நம்பர் மாற்றும் பெட்டியும் ஒரு கழுதை சுமக்கிற எடைதான்.